குடகுக்குப் போகிற ஜீப்

முதல் நாள்: ஜனவரி 29, 2025, புதன். கூடலூர், பாட்டவயல், சுல்தான் பத்தேரி

குடகு என்றால் நமக்குத் தலைக்காவேரி, ஒரு ஹோம்ஸ்டே, பன்றிக்கறி, திரும்பும்போது ஒரு கிலோ காப்பித்தூள். நானும் இரண்டு முறை அப்படித்தான் போய்வந்தேன். இரண்டாவது முறை குட்டா பக்கம் வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கேரளப் பதிவெண் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. ஒவ்வொன்றிலும் பதினைந்து பேருக்குக் குறையாது. பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் தூக்குவாளி. "வயநாட்டு ஆதிவாசிங்க, காப்பி பறிக்கப் போறாங்க" என்றார் டீக்கடைக்காரர். அதோடு பேச்சு முடிந்தது. அந்த ஜீப் எங்கிருந்து புறப்படுகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது. இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் ஐந்து நாள் லீவு கிடைத்தது. அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன். தப்பு இருந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

கூடலூரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தில் இது நீலகிரி மாவட்டம். ஆனால் ஊட்டிக்காரர்களைவிட வயநாட்டுக்காரர்களோடுதான் இந்த ஊருக்கு உறவு அதிகம். 1877 வரைக்கும் இந்தப் பகுதி மலபாரோடு இருந்தது, அப்புறம்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று வயநாடு கேரளாவுக்குப் போனது, குடகு மைசூர் மாநிலத்தோடு போனது, கூடலூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. இந்த மூன்று பக்கமும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று ஒரே மக்கள் சிதறிக் கிடக்கிறார்கள். இங்கே தேயிலைக்காடுகளில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களுடையது தனிக் கதை, இன்னொரு முறை எழுத வேண்டும்.

இங்கே பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர், தேவர்சோலை பக்கம் ஒரு பணியர் பாடிக்குக் கூட்டிப்போனார். ஊரைப் 'பாடி' என்கிறார்கள். பணி செய்கிறவர் பணியர், பேரிலேயே வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. திண்ணையில் ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். காதில் பெரிய வட்டத் தோடு. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓலையைச் சுருட்டி, நடுவில் மெழுகு அப்பி, அதில் குன்றிமணியை வரிசையாகப் பதித்திருக்கிறது. ஒரு மணி உதிர்ந்த இடத்தில் மெழுகு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

குடகுக்குப் போகிறேன் என்றதும் பாட்டிக்கு வாய் திறந்துகொண்டது. இளவயதில் நாலைந்து சீசன் காப்பி பறிக்கப் போயிருக்கிறார். மானந்தவாடி வரைக்கும் பஸ், அங்கிருந்து லாரி. "குட்டாவுலேருந்து ஸ்ரீமங்கலம் போற வழி. இருப்பு அருவிக்குத் திரும்புற எடம். நீலக் கேட்டு, ரெண்டு பலா மரம்." கடைசி சீசனில் முதலாளி வீட்டுப் பட்டி கடித்துவிட்டது. பட்டி என்றால் நாய். புடவையைக் கணுக்கால் மேல் ஏற்றித் தழும்பைக் காட்டினார். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர் அப்புறம் போகவேயில்லை. பன்னிரண்டு நாள் கூலி பாக்கி. நாளுக்கு ஆறு ரூபாய்.

"எழுபத்திரெண்டு ரூபா" என்றார். கணக்கு அவருக்குத் தயாராக இருந்தது. "அந்த வழியாப் போனா பாத்துட்டு வா மோனே."

சரி என்று சொல்லிவிட்டேன்.

பாட்டியின் பேரன் உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். இருபது வயதிருக்கும். அரிவாள் செல் ரத்தசோகை. இந்த மலைகளில் பணியரிடையே இது அதிகம். குளிர், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது, உடம்பை முறித்து வேலை செய்வது ஆகிய மூன்றில் ஒன்று போதும், எலும்புக்குள் வலி பிடித்துக்கொள்ளும். கூடலூரில் ஆதிவாசிகளே சேர்ந்து நடத்தும் மருத்துவமனை 1990 முதல் இருப்பதால் அவனுக்கு நோயின் பேராவது தெரியும், மாத்திரையும் வருகிறது. இரண்டு வருஷம் முன்பு இஞ்சித் தோட்டத்துக்குப் போய் பத்தாவது நாள் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். பனியில் பிளாஸ்டிக் ஷெட்டுக்குள் படுத்திருக்கிறான்.

சாயங்காலம் பாட்டவயல் செக்போஸ்ட். இந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற பணியர், அரசுக் கணக்கில் மிகவும் நலிவுற்ற பழங்குடி. தமிழ்நாட்டில் அப்படி ஆறு இனங்கள், அதில் பணியரும் உண்டு. கம்பத்துக்கு அந்தப் பக்கம், கேரளப் பட்டியலில் ஐந்து இனங்கள், அதில் பணியர் இல்லை. அங்கே அவர் வெறும் பழங்குடி. அந்த நலிவுற்ற பட்டியலுக்கென்று 2023-ல் மத்திய அரசு அறிவித்த வீட்டுத் திட்டம் அக்காவுக்கு உண்டு, அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கைக்குக் கிடையாது. என் பையில் இரண்டு முழு பாட்டில் பிராந்தி இருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பஸ் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

இரண்டாம் நாள்: ஜனவரி 30, வியாழன். புல்பள்ளி, பெரிக்கல்லூர், பைரகுப்பே

இன்றைக்குக் காலையில் ஒரு பாடம். பேச்சுவாக்கில் 'காலனி' என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். கூட வந்த பெண், பழங்குடித் துறையின் ப்ரமோட்டர், முகம் சுளிக்காமல் திருத்தினார். ஆதிவாசிக் குடியிருப்பைக் காலனி என்று சொல்லக்கூடாது என்று 2024 ஜூனில் கேரள அரசு உத்தரவு போட்டுவிட்டது. நகர், உன்னதி, பிரகிருதி, இதில் எதையாவது வைத்துக்கொள்ளலாம். "எழுதுறப்போ உன்னதி. பஸ்ஸுல இறங்குறப்போ எல்லாருக்கும் இன்னும் காலனிதான்" என்றார். அவரும் பணியர், பட்டதாரி. எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று நல்ல தமிழில் பேசினார்.

புல்பள்ளியிலிருந்து பெரிக்கல்லூர் கடவு. கபினி ஆறுதான் இங்கே எல்லை. இந்தக் கரை கேரளம், அந்தக் கரை கர்நாடகத்தின் பைரகுப்பே. நடுவில் தோணி. ஆறு இந்த மாதத்தில் இளைத்துப் போயிருந்தது, தோணிக்காரர் கழியைக் குத்தி நாலு தள்ளு தள்ளினால் அக்கரை வந்துவிடுகிறது. இந்தத் தண்ணீர் கிழக்கே போய்த் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியில் விழுந்து நம் மேட்டூருக்கு வரும். ஆடிப்பெருக்குக்கு நாம் கும்பிடுகிற தண்ணீரில் பாதி கணக்கு இந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று ப்ரமோட்டரிடம் சொன்னேன். அவருக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. ரேஷன் கடையில் கைரேகை பதியாத ஒரு கிழவருக்காக யாரிடமோ போனில் போராடிக்கொண்டிருந்தார்.

தோணியில் எங்களோடு எட்டுப் பேர். மண்வெட்டி, ஒரு மூட்டை அரிசி, சுருட்டிய பாய், ஒரு குழந்தை. இஞ்சி வேலைக்குப் போகிறார்கள்.

குடகு இஞ்சி, மைசூர் இஞ்சி என்று சந்தைக்கு வருவதில் கணிசமான பங்கு வயநாட்டு விவசாயிகள் போடுவது. இஞ்சி மண்ணை உறிஞ்சிவிடும். ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் போட்டால் அழுகல் நோய் வரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் புது நிலம் வேண்டும். வயநாட்டில் நிலம் சின்னது, விலை பெரியது. எனவே எல்லை தாண்டி எச்.டி. கோட்டை, ஹுன்சூர், பெரியபட்ணா, குடகு என்று குத்தகைக்குப் பிடிக்கிறார்கள். நிலம் அங்கே, பணம் இங்கே. கையும் இங்கேயிருந்துதான் போகிறது, அது ஆதிவாசியின் கை.

பைரகுப்பேயிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஒரு தோட்டத்துக்குப் போனோம். ஆண்கள் மண்வெட்டியால் பாத்தியைப் பிளந்து பெயர்க்க, பெண்கள் உட்கார்ந்தபடி கிழங்கை உதறி, மண்ணைத் தட்டி, வேரைக் கிள்ளிப் போட்டார்கள். கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் நகம் எல்லாருக்கும் தேய்ந்து பிறையாக இருந்தது. அறுபது கிலோ ஒரு சாக்கு. வயநாட்டில் இஞ்சி விலை கேட்டால் கிலோவில் சொல்ல மாட்டார்கள், சாக்கில்தான். 2023-ல் அந்தச் சாக்கு தங்கம் மாதிரி விலை போனது. அதைப் பார்த்து எல்லாரும் இஞ்சி போட, இப்போது விலை பாதாளத்தில் கிடக்கிறது. போன மழைக்கு இலைப்புள்ளி நோய் வேறு.

விலை விழுந்தால் தோட்டக்காரருக்கு ஒரு வசதி உண்டு. இஞ்சியைத் தோண்டாமல் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வேலைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இங்கே வாராவாரம் கொடுப்பது செலவுக்காசு மட்டும். அரிசி, மீன், வெற்றிலை வாங்க அது போதும். மிச்சக் கூலி 'கணக்கு பார்க்கும்' நாளில். அந்த நாள் இஞ்சி விற்ற பிறகு வரும். இஞ்சி மண்ணுக்குள் இருக்கிற வரைக்கும் கூலியும் மண்ணுக்குள்தான். தோட்டக்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் குத்தகைக் காசு கட்டினேன் என்றார், அதை நம்புகிறேன். ஆனால் அவர் நஷ்டத்தின் ஒரு துண்டை அந்த நகம் தேய்ந்த பெண்களும் சேர்ந்து சுமக்கிறார்கள். லாபம் வந்த 2023-ல் அவர்களுக்கு அப்படி ஒரு துண்டு கிடைத்ததா என்று கேட்டேன். ஒரு பெண் யோசித்துவிட்டு, ஓணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார் என்றார்.

தங்குமிடம்: நாலு மூங்கில், மேலே நீலத் தார்ப்பாய், தரையில் வைக்கோல். பக்கத்திலேயே பூச்சிமருந்து டப்பாக்கள். அதில் ஒன்றைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு ப்ரமோட்டர் போட்ட சத்தத்தில் தோட்டக்காரரே எழுந்து வந்து அதைக் கொட்டினார்.

திரும்பும்போது தோணியில் அவர் சொன்னது: குடகுக்கும் மைசூருக்கும் போனவர்களில் சிலர் திரும்பவில்லை என்று வயநாட்டில் வருஷக்கணக்காகப் புகார் இருக்கிறது. குளத்தில் விழுந்தார், குடித்து இறந்தார் என்று சேதி வரும், சில சமயம் சேதிகூட வராது. போகிறவர் பெயரை எங்காவது எழுதி வைத்தால்தானே தேட முடியும்? வெளிமாநிலம் போகும் தொழிலாளருக்கென்று 1979-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஊர் விட்டுப் போவதற்கென்றே தனிப்படி இருந்தது: மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் போனால்தான் அந்தக் கணக்கில் வந்தார்கள். தானே தோணி ஏறிப் போனவர் அந்தச் சட்டத்துக்கு யாரோ.

மூன்றாம் நாள்: ஜனவரி 31, வெள்ளி. மானந்தவாடி, வள்ளியூர்க்காவு

மானந்தவாடியில் எல்லார் பேச்சும் புலிதான். போன வெள்ளிக்கிழமை, 24-ந் தேதி, பஞ்சாரக்கொல்லியில் காப்பி பறித்துக்கொண்டிருந்த ஆதிவாசிப் பெண் ஒருவரைப் புலி கொன்றுவிட்டது. திங்கள்கிழமை அந்தப் புலியும் செத்துக் கிடந்தது. அவர் இறந்த பிரியதர்ஷினி எஸ்டேட், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களின் மறுவாழ்வுக்காக அரசு உண்டாக்கியது. ஆட்டோக்காரர் புலியின் நீளத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தப் பெண்ணின் வீட்டைப் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார்.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆற்றோரம் வள்ளியூர்க்காவு பகவதி கோயில். திருவிழா மார்ச்சில், பதினாலு நாள். இன்றைக்கு ஆளில்லை. திடலில் இரண்டு பசு, ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப். ஆதிவாசிகளுக்கு வருஷத்தில் பெரிய திருவிழா இதுதான். இதே திடலில் அவர்களை வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஜமீன்தார் மாதிரியான ஜன்மிகள் திருவிழாவுக்கு வருவார்கள், ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் காசு கையில் கொடுப்பார்கள். அதற்கு 'நில்ப்புப் பணம்' என்று பேர். வாங்கிவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் அந்த வீட்டோடு நிற்க வேண்டும். தினக்கூலி நெல்லாக அளப்பது 'வல்லி'. வருஷம் முடிந்து, புதுப்பணம் வாங்கி, அடுத்த வருஷம். அடிமை முறையை வெள்ளைக்காரன் 1843-லேயே சட்டத்தில் ஒழித்தாயிற்று. இது சட்டப்படி அடிமைத்தனம் இல்லை, ஒப்பந்தம்! பகவதி சாட்சி. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரும் காலம்வரை இது நடந்தது.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் கேட்டேன். இப்போது திருவிழாவுக்குக் குடகுக்காரர்கள் வருகிறார்களா? "வராம? யரவமார் எல்லாம் அங்கிருந்துதான் பஸ் பஸ்ஸா வருவாங்க." நான் தோட்டக்காரர்களை மனதில் வைத்துக் கேட்டேன், அவர் சாமி கும்பிட வருகிற யரவர் என்ற குடகுப் பழங்குடியினரைச் சொன்னார். சரி, அதுவும் ஒரு பதில்தான்.

மழை மாதிரி பனி. லாட்ஜில் வெந்நீர் இல்லை. நாளைக்கு நாலரைக்கு எழ வேண்டும்.

நான்காம் நாள்: பிப்ரவரி 1, சனி. காட்டிக்குளம், தோல்பெட்டி, குட்டா

ஒருவழியாக அந்த ஜீப்பைப் பிடித்துவிட்டேன்.

காட்டிக்குளம் முக்கில் விடிவதற்கு முன்பே கூட்டம். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, தூக்குவாளி. ஓட்டுநரிடம் ஒரு நாள் முன்பே சொல்லி வைத்திருந்தேன். முன்சீட்டில் இடம் தந்தார், அதாவது முன்சீட்டில் நாலாவது ஆளாக. பின்னால் பதினாலு பேரை எண்ணினேன், அதற்குள் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். 2023 ஆகஸ்டில் இதே மானந்தவாடிப் பக்கம் கண்ணோத்துமலையில், தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிய ஜீப் பள்ளத்தில் உருண்டு ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அதைச் சொன்னேன். "அது வளைவு சேட்டா. இந்த ரோடு நேர்தான்" என்றார் ஓட்டுநர். ரோடு நேரில்லை.

வழியில் இடதுபக்கம் திருநெல்லிக்குப் பிரியும் சாலை. பாபநாசினியில் திதி கொடுக்கப் போகிற சாலை என்று நம்மில் பலருக்குத் தெரியும். அந்தக் காட்டில்தான் 1970 பிப்ரவரியில் நக்சலைட் தலைவர் வர்கீஸைச் சுட்டுக் கொன்றார்கள். அடியர் என்ற பழங்குடியினருக்குக் கூலியாக அளக்கிற நெல்லின் அளவைக் கூட்டச் சொல்லிப் போராடியவர். மோதலில் இறந்தார் என்றுதான் 28 வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998-ல், சுட்ட போலீஸ்காரரே பிடித்து வைத்துச் சுட்டோம் என்று வாக்குமூலம் கொடுத்தார். 2010-ல் ஓய்வுபெற்ற ஐ.ஜி. ஒருவருக்கு ஆயுள் தண்டனை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தத் திருப்பம் வந்ததும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தற்செயலாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

தோல்பெட்டியில் காட்டு சஃபாரிக்கு ஒரு போர்டு. அதைத் தாண்டினால் செக்போஸ்ட், அப்புறம் குட்டா, கர்நாடகம். ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் இறங்கிவிட்டோம்.

ரோபஸ்டா என்ற காப்பி வகையின் பறிப்பு இப்படி: செடிக்கு அடியில் படுதாவை விரிக்க வேண்டும். கிளையை ஒரு கையால் வளைத்து, மறு கையால் காம்பிலிருந்து நுனிவரை உருவ வேண்டும். பழுத்தது, காய், இலை, எறும்புக்கூடு எல்லாம் சேர்ந்து படுதாவில் விழும். அப்புறம் உட்கார்ந்து இலையைப் பொறுக்க வேண்டும். முசுறு எறும்பு சட்டைக் காலருக்குள் போனால் ஆட்டம்தான். அதற்குத்தான் ஆண்கள் சட்டை என்று அப்போது புரிந்தது. நான் ஒரு மணி நேரம் பறித்தேன், மூன்று கிலோ. கை பிசுபிசுத்துக் கறுத்துவிட்டது, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் இப்போதுவரை போகவில்லை. எனக்குப் பக்கத்துச் செடியில் இருந்த சேச்சி ஒரு நாளில் எண்பது கிலோ தாண்டுவாராம். கிலோவுக்கு ஐந்து ரூபாய்.

இந்த வருஷம் காப்பிக்கு வந்திருப்பது வரலாறு காணாத விலை. ஐம்பது கிலோ ரோபஸ்டா செர்ரி மூட்டை பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கூலி போன வருஷம் எவ்வளவு என்று சேச்சியிடம் கேட்டேன். நாலரை.

மேற்பார்வை பார்ப்பவரை இங்கே 'ரைட்டர்' என்கிறார்கள். நானும் ரைட்டர்தான் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மரக்கிளையில் தராசைக் கட்டினார். ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோ கழித்தார். வெறும் சாக்கு இரண்டு கிலோ இருக்குமா என்று நான் கேட்டதற்கு, ஈரம் இருக்கிறது, இலை இருக்கிறது என்றார். பெண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தராசின் எண்ணை வாய்விட்டு ஒரு முறை சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி சுவரில் கரியால் கோடு போட்டாள். கூலி வாங்கும் நாளில் ரைட்டரின் நோட்டும் அந்தச் சுவரும் ஒத்துப்போக வேண்டும்.

ஊரிலேயே நூறு நாள் வேலை இல்லையா என்று கேட்டேன். உண்டு, கேரளாவில் 2024-25-ல் நாளுக்கு 346 ரூபாய். ஆதிவாசிகளுக்கு நூறுக்கு மேலும் நாட்கள் தருகிறார்கள். ஆனால் காசு பேங்குக்கு வர மாதக்கணக்கு. இங்கே சனிக்கிழமை சனிக்கிழமை கையில் வந்துவிடும். பள்ளிக்கூடப் பையன் ஒருவனும் பறித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் செடிக்குப் பின்னால் போய்விட்டான். காப்பி சீசனில் வயநாட்டுப் பள்ளிகளில் ஆதிவாசிப் பிள்ளைகளின் வரிசை காலியாவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வண்டி வைத்துக் கூட்டிப்போகிற திட்டமெல்லாம் போட்டிருக்கிறார்கள்.

சேச்சிக்கு முதலாளி பத்தாயிரம் முன்பணம் கொடுத்திருக்கிறார், வாரக் கூலியில் கழித்துக்கொள்வார். எனக்கு நேற்றைய நில்ப்புப் பணம் ஞாபகம் வந்தது. மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். அவர் பிடிகொடுக்கவில்லை. "அது என் அம்மைக்குக் கொடுத்தது. இது நான் கேட்டு வாங்கினது. மோளை ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ வேற யாரு தருவா, நீங்களா?" என்றார். பதில் இல்லை. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியுமா என்று மட்டும் கேட்டேன். இலை பொறுக்குவதை நிறுத்தாமல் தலையை ஆட்டினார், இல்லை என்று.

மேல்பக்கத்தில் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அசாமிலிருந்து வந்த இளைஞர்கள். சில வருஷங்களாக அவர்கள்தான் குடகில் பெருகியிருக்கிறார்கள். சீசன் முழுக்கத் தங்கிவிடுவார்கள், திருவிழா, சாவு என்று ஊருக்கு ஓட மாட்டார்கள் என்று ரைட்டருக்கு அவர்கள்மேல் பிரியம். அதில் ஒருவனிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன். அவன் குடும்பம் தலைமுறைகளுக்கு முன் ஜார்கண்டிலிருந்து அசாம் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிவாசிக் குடும்பம். இப்போது அவன் காப்பிக்கு வந்திருக்கிறான்.

ஜீப் திரும்பியது. நான் இந்தப் பக்கமே தங்கி, பஸ் பிடித்து கோணிகொப்பா வந்துவிட்டேன். வழியில் இருட்டு, நீலக் கேட் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் நாள்: பிப்ரவரி 2, ஞாயிறு. கோணிகொப்பா, இருப்பு சாலை

ஞாயிறு என்பதால் கடைத்தெரு முழுக்கத் தோட்டத்து ஆட்கள். கருவாடு, சோப்பு, செல்போன் கவர். ஒரு டீக்கடையில் கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம், கொடவத் தக் எல்லாம் ஒரே பெஞ்சில். எதிரே உட்கார்ந்தவர் யரவ சமூகத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தமிழ் தெரியும், காரணம் முந்தைய முதலாளியின் டிரைவர் தமிழர். "கேரளாவுல எங்களை அடியன்னு எழுதுவான். இங்கே யரவான்னு எழுதுவான். நாங்க ராவுளர்" என்றார். இரண்டு மாநிலத்திலும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே சலுகைக்கு ஆகாது. அக்கா மகன் மானந்தவாடியில் படித்தவன், இங்கே வேலைக்கு மனுப்போட்டுத் திரும்பி வந்ததைச் சொல்லிச் சிரித்தார்.

அவர் பிறந்தது லைன் வீட்டில். லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். பாத்திரத்தோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ரேஷன் கார்டுக்கு விலாசம் கேட்டால், தோட்டத்து விலாசத்தைத் தர முதலாளி யோசிப்பார், நாளைக்கு உரிமை கேட்டுவிடுவானோ என்று. இப்படி லைன் வீடுகளிலிருந்து வெளியேறியவர்கள்தான் 2016-ல் திட்டள்ளிக் காட்டோரம் குடிசை போட்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். டிசம்பரில் அதிகாரிகள் வந்து குடிசைகளைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு பெண் மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தார். போராட்டம் பெரிதாகி, கடைசியில் குஷால்நகர் பக்கம் பசவனஹள்ளி, பியாடகொட்டா என்ற இடங்களில் வீடு கொடுத்தார்கள். அவருக்கும் கிடைத்ததா? இல்லை, அவர் அப்போது லைனைவிட்டு வரவில்லை. "பயம்" என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

மதியம் குட்டா பஸ் ஏறி இருப்பு அருவி திரும்பும் இடத்தில் இறங்கினேன். அந்தப் பக்கம் மூன்று தோட்டங்களின் கேட்டைப் பார்த்தாயிற்று. ஒன்று பச்சை, ஒன்று துரு, ஒன்றுக்குக் கேட்டே இல்லை. நாற்பது வருஷத்தில் கேட் எத்தனை பெயிண்ட் மாறியிருக்கும், இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று திரும்ப நினைத்தபோது, பச்சைக் கேட்டுக்குள் பலா மரம் தெரிந்தது. ஒன்றுதான் முழு மரம். பக்கத்தில் இடுப்பளவுக்கு அறுத்த அடிமரம், அதன்மேல் ஒரு பூந்தொட்டி. கேட்டின் கீல் ஓரத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் நீலம்.

ஹோம்ஸ்டே போர்டு. ஓர் இரவு 3,500 ரூபாய், காலை உணவு சேர்த்து, 'பிளான்டேஷன் வாக்' உண்டு. காவலுக்கு நின்ற அசாம் பையன் ஓடிவந்து, ரூம் இருக்கிறது சார், லைன் வீட்டைத்தான் காட்டேஜாக மாற்றியிருக்கிறோம், நன்றாக இருக்கும் என்றான். பழைய முதலாளி எப்போதோ போய்விட்டார். இப்போதையவர் பெங்களூரில். உள்ளே எங்கோ நாய் குரைத்தது.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து கூடலூர் நண்பருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில்தான் இருந்தார், பாடிக்கு நடந்து போய் போனைப் பாட்டியிடம் கொடுக்கக் கால் மணி நேரம் ஆனது. பலா மரத்தைச் சொன்னேன், பெயிண்டைச் சொன்னேன்.

"பட்டி உண்டோ?"

"உண்டு பாட்டி. குரல்தான் கேட்டது."

கொஞ்ச நேரம் வெற்றிலை மெல்லும் சத்தம்.

"காசு கேட்டியோ மோனே?"

கேட்கவில்லை. மானந்தவாடி பஸ் வளைவில் வந்துகொண்டிருந்தது.